வக்ஃபு செய்ய முடியாத புத்தகங்கள்



மின்னூல் வாசிப்புக் கருவிகளில் எதை வாங்கலாம் என்று விசாரிப்பவர்களுக்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் திரையின் அளவு, மின்கலத்தின் ஆயுள், விலை ஆகிய மூன்றையே சுற்றி வருகின்றன. ஆங்கிலப் புதினங்கள் மட்டும் வாசிப்பவருக்கு அவை போதுமானவை. தமிழும் அரபும் ஒரே பக்கத்தில் கலந்து வரும் நூல்களை வாசிக்கும் நம் குடும்பங்களுக்கு வேறு சில கேள்விகளும் இருக்கின்றன. ஏறத்தாழ ஆறு மாதம் விசாரித்து, இரவல் வாங்கிப் பார்த்து, வீட்டுக்குள் விவாதித்து நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். அந்த முடிவைவிட, அதற்கு எங்களைக் கொண்டு சேர்த்த காரணங்களே மற்றவர்களுக்குப் பயன்படும் என்று எண்ணுகிறோம்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவை வாப்பாவின் கண்கள். சர்க்கரை நோய் விழித்திரையைத் தொட்டுவிட்டது. கண்புரை அறுவை முடிந்த பின்னரும் சிற்றெழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரமாவது வாசித்துவிட்டே படுக்கைக்குச் செல்லும் வழக்கம் ஐம்பது ஆண்டுகளாக அவருக்கு உண்டு. அலமாரி நிறைய நூல்கள்: தப்ஸீர் தொகுதிகள், ஹதீஸ் மொழிபெயர்ப்புகள், சீறாப்புராணத்தின் பழைய பதிப்பு, கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் அரபுத்தமிழ்க் கித்தாபுகள். பேரப்பிள்ளைகள் முறை வைத்து வாசித்துக் காட்டினார்கள். ஆயினும் ஒரு வரியில் நின்று, முன்பக்கம் திரும்பிச் சென்று, ஓரத்தில் பென்சிலால் கோடிட்டு வாசித்துப் பழகியவருக்குக் காதால் கேட்பது நிறைவு தரவில்லை.

இதற்கிடையே அவர் ஒன்றைத் தீர்மானித்துவிட்டார். அலமாரியில் இருப்பவற்றை எல்லாம் ஊர் மத்ரஸாவுக்கு வக்ஃபு செய்துவிட வேண்டும் என்பதே அது. தம்மால் வாசிக்க இயலாத நூல்கள் பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால் கிடப்பது அவருக்கு உறுத்தலாக இருந்தது. எங்களுக்கோ அவற்றைப் பிள்ளைகளுக்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை. மின்னூல் கருவி ஒன்று வந்துவிட்டால் இரண்டு எண்ணங்களும் ஒருங்கே நிறைவேறும் என்று நினைத்தோம். நூல்கள் கருவிக்குள் இருக்கும், அலமாரி மத்ரஸாவுக்குப் போகும். அப்படி எளிதில் முடியக்கூடிய காரியமாக அது இருக்கவில்லை.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். கைப்பேசியும் டேப்லட்டும் கண்ணுக்குள் ஒளியைச் செலுத்துபவை. மின்மைத் திரை அப்படிப்பட்டதன்று. 1997இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் தொடங்கிய நிறுவனம் இதை வளர்த்தெடுத்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்களுக்குள் கருந்துகள்களும் வெண்துகள்களும் எதிரெதிர் மின்னேற்றத்துடன் மிதக்கின்றன. மின்புலத்தை மாற்றினால் ஏதேனும் ஒரு நிறம் மேலே வருகிறது. காகிதத்தைப் போலவே சுற்றியுள்ள வெளிச்சத்தில்தான் அதை வாசிக்கிறோம். பக்கம் மாறும்போது மட்டுமே திரை மின்சாரத்தைச் செலவிடுவதால் ஒரு முறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் நிற்கிறது. 2004இல் சோனி நிறுவனம் ஜப்பானில் இத்தகைய திரையுடன் ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2007 நவம்பரில் அமேசானின் கின்டில் வந்த பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது. இன்றைய கருவிகளில் இரவில் வாசிக்க ஏதுவாக ஓரங்களில் சிறு விளக்குகளும் உண்டு.

பார்வைக் குறைவு உள்ள பெரியவர்களுக்காக வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாருக்கும் மின்மைத் திரையே நல்லது என்று சொல்ல இயலாது. கறுப்புப் பின்னணியில் ஒளிரும் வெள்ளை எழுத்தே சிலருக்கு எளிதாக இருக்கிறது. எனவே இரவல் கருவி ஒன்றைக் கொடுத்து அரை மணி நேரம் வாசிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வாப்பாவுக்கு ஒளிரும் திரை கூசியது, மின்மைத் திரை ஒத்துக்கொண்டது. வண்ண மின்மைத் திரைகளும் இப்போது கிடைக்கின்றன. வண்ணத்துக்காகச் சேர்க்கப்படும் வடிகட்டி அடுக்கு பின்னணியைச் சற்று மங்கலாக்குகிறது. மங்கிய கண்களுக்கு அது உதவாது, கறுப்பு வெள்ளையே தெளிவு.

போட்டியில் இருந்தவை மூன்று. கின்டில் ஒன்று. கனடாவில் தோன்றி இப்போது ஜப்பானின் ரகுடென் குழுமத்தின் கையில் உள்ள கோபோ மற்றொன்று. ஆண்ட்ராய்டில் இயங்கும் சீன நிறுவனமான ஓனிக்ஸின் பூக்ஸ் மூன்றாவது. பூக்ஸில் கைப்பேசிச் செயலிகள் பலவற்றை ஏற்றலாம். 10.3 அங்குலத் திரையிலும் கிடைப்பதால் பிடிஎஃப் நூல்களுக்கு வசதியானது. ஆனால் விலை அதிகம், அமைப்புகளும் அதிகம். எழுபது வயதைக் கடந்தவர் தவறுதலாக எதையோ தொட்டுவிட்டு எங்கோ போய் நிற்பார் என்பதால் அதை விட்டுவிட்டோம். கணினிப் பழக்கம் உள்ள ஆலிம்களுக்கும் ஆய்வு செய்பவர்களுக்கும் அதுவே பொருத்தமாக இருக்கலாம்.

ஆக, கின்டிலா கோபோவா என்பதே கேள்வியாயிற்று. அதற்கு விடை தேடுகையில்தான் தமிழ் எழுத்தின் சிக்கல்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன.

தமிழ் நூல்களைப் பொறுத்தவரை கின்டிலின் கை ஓங்கியிருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி மின்னூல்களை விற்கத் தொடங்கியது. அதன்பின் தமிழ்ப் பதிப்பகங்கள் பல அங்கே வந்து சேர்ந்தன. கோபோவின் கடையில் தமிழ் நூல்கள் அந்த அளவுக்கு இல்லை. மேலும் நம் ஊர்க் கடைகளில் கோபோ கருவியை எளிதில் பார்க்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வருபவர் யாராவது கொண்டுவர வேண்டும். பழுதானால் இங்கே கொடுத்துச் சரிசெய்ய இடமில்லை. எங்கள் கல்லூரி மாணவியான மகளின் வாக்கு கின்டிலுக்கே விழுந்தது. அவள் வாசிக்க விரும்பும் தற்காலப் புதினங்கள் அங்கேதான் இருக்கின்றன.

அடுத்தது திரையின் அகலம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆறு அங்குலத் திரையில் வாப்பாவுக்கு வேண்டிய அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரியில் இரண்டு சொற்கள்தான் நிற்கின்றன. இரு ஓரங்களையும் நேர்செய்யும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அந்த இரண்டு சொற்களுக்கும் இடையே ஆற்று மணல்வெளி போல இடைவெளி விழுகிறது. இடப்பக்கம் மட்டும் நேராக இருக்குமாறு மாற்றினால் ஓரளவு சரியாகிறது. முதியவர்களுக்கு வாங்குவதாயின் ஆறு அங்குலம் போதாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஏழு, இயன்றால் எட்டு.

மூன்றாவது சிக்கல் நம் நூல்களுக்கே உரியது. தமிழ்ப் பத்தியின் நடுவே அரபு வசனம் வரும். அது வலமிருந்து இடமாகச் செல்ல வேண்டும். ஸபர், ஸேர், பேஷ் குறிகள் தத்தம் எழுத்தின் மீதும் கீழும் பிசகாமல் அமர வேண்டும். கருவியில் உள்ள எழுத்துருவில் அதற்கான ஏற்பாடு இல்லையென்றால் நபிகளாரின் பெயரை அடுத்து வரும் ஸலவாத்துக் குறி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் தோன்றும். சில நூல்களில் அரபுப் பகுதியைப் படமாக ஒட்டிவிடுகிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கும்போது தமிழ் வளர்கிறது, வசனம் சிறிதாகவே நின்றுவிடுகிறது. பழைய கணினி எழுத்துருக்களில் அச்சுக்கோத்த நூல்களின் பிடிஎஃப் இன்னொரு வகை. அவை யூனிகோடு முறைக்கு முந்தியவை ஆகையால் பார்வைக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது கருவிக்குப் புரியாத குறியீடுகளின் குவியல். அவற்றில் தேடவும் முடியாது, எழுத்தளவை மாற்றி வரிகளைத் திரும்ப அமைக்கவும் முடியாது.

கோபோ கருவியில் 'கோரீடர்' என்ற இலவச மென்பொருளை ஏற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அதில் தமிழின் கொம்புகளும் கால்களும் உரிய இடத்தில் நிற்கின்றன. நமக்கு வேண்டிய தமிழ் எழுத்துருவையும், கெய்ரோவின் பூலாக் அச்சகத்து எழுத்தை அடியொற்றி உருவான 'அமீரி' போன்ற அரபு எழுத்துருவையும் கருவிக்குள் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். இதற்குக் கணினி தெரிந்த இளையவர் ஒருவர் ஓர் அந்திப் பொழுதைச் செலவிட வேண்டும். நிறுவனம் தரும் மென்பொருளன்று இது. பொறுப்பு நம்முடையதே.

குர்ஆனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் மகன் ஹிஃப்ழு செய்துகொண்டிருக்கிறான். மதீனா முஸ்ஹஃபில் 604 பக்கங்கள். பக்கத்துக்கு 15 வரிகள். பக்கம் எதுவும் வசனத்தின் நடுவில் முடிவதில்லை. ஓதுகிற பிள்ளையின் நினைவில் சொல் மட்டும் பதிவதில்லை. அது வலப்பக்கத்தின் மேலே இருந்ததா, இடப்பக்கத்தின் கடைசி வரியா என்ற இடமும் சேர்ந்தே பதிகிறது. ஹிஃப்ழு முடியும் வரை ஒரே பதிப்பை, முடிந்தால் ஒரே பிரதியை வைத்து ஓதச் சொல்லும் உஸ்தாதுகள் இதை நன்கு அறிந்தவர்கள். மின்னூல் கருவியின் சிறப்பே எழுத்தளவுக்கு ஏற்ப வரிகளைக் கலைத்துத் திரும்ப அடுக்குவதுதான். வாப்பாவுக்குத் துணைசெய்யும் அதே குணம் மகனுக்குத் தடை. பக்கங்களைப் படமாகவே காட்டும் மின்பிரதிகள் உள்ளன, பயணத்தில் அவை உதவும். அன்றாட ஓதலுக்கு அச்சிட்ட முஸ்ஹஃப் என்பதில் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து எழவில்லை. கருவியில் குர்ஆன் இருக்கும்போது உளூ இன்றித் தொடலாமா என்று உம்மா கேட்டார்கள். திரையை முஸ்ஹஃபின் தாளாகக் கருத வேண்டியதில்லை என்பதே சமகால அறிஞர் பலரின் கருத்து. இருந்தாலும் உம்மா உளூவுடன்தான் தொடுகிறார்கள், அதை நாங்கள் மறுக்கவில்லை.

இவ்வளவும் பார்த்தபின் தராசு ஏறக்குறைய சமமாக நின்றது. கிடைக்கும் நூல்களின் எண்ணிக்கையில் கின்டில், எழுத்தமைப்பின் நெகிழ்வில் கோபோ. அந்த நிலையில்தான் வாப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

தமிழில் வந்துள்ள இஸ்லாமிய வரலாற்று நூல் ஒன்றை மின்னூல் கடையில் காட்டிக்கொண்டிருந்தோம். அச்சு விலையில் பாதிகூட இல்லை. வாப்பாவுக்கு மகிழ்ச்சி. உடனே கேட்டார்: "ஏம்ப்பா, இதை நான் காசு கொடுத்து வாங்கினால், படித்து முடித்த பிறகு மத்ரஸாவுக்கு வக்ஃபு செய்யலாம் அல்லவா?"

முடியாது என்று சொன்னோம். ஏன் முடியாது என்று கேட்டார். விதிமுறைகளை அவருக்கு வாசித்துக் காட்டினோம். மின்னூல் விற்கப்படுவதில்லை. வாசிப்பதற்கான உரிமம் மட்டுமே வழங்கப்படுகிறது. அதை மற்றவருக்கு விற்கவோ மாற்றித் தரவோ இயலாது. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரோடு அது முடிகிறது. கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்த வாப்பா, "அப்படியானால் இது கிரயம் இல்லை, இஜாரா. குடியிருக்கலாம், எழுதி வைக்க முடியாது" என்றார்.

ஃபிக்ஹு கற்றவர்களுக்கு இது உடனே விளங்கும். வக்ஃபு செய்பவர் அந்தப் பொருளுக்கு உடைமையாளராக இருக்க வேண்டும். பொருள் நிலைத்து நிற்க, அதன் பயன் அனுபவிக்கப்பட வேண்டும். எடுத்துச் செல்லக்கூடிய பொருள்களை வக்ஃபு செய்வதை நம் கடலோர ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபு ஏற்கிறது. ஹனஃபீ மத்ஹபில் இதுபற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது. மக்களிடையே வழக்கத்தில் உள்ளவற்றை வக்ஃபு செய்யலாம் என்ற இமாம் முஹம்மது அவர்களின் கூற்றின்படி நூல்களும் அதில் இடம்பெற்றன. இஸ்தான்புல்லின் சுலைமானிய்யா நூலகத்துக் கையெழுத்துப் பிரதிகளில் வக்ஃபு முத்திரைகளை இன்றும் காணலாம். எவரோ ஒருவர் தம் பணத்தில் வாங்கி, முத்திரையிட்டு, முகமறியாத மாணவருக்காக விட்டுச் சென்றவை அவை. நம் ஊர்ப் பள்ளிவாசல்களின் குதுப்கானாக்களில் முதல் தாளில் கொடுத்தவர் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் எழுதப்பட்ட நூல்களை நீங்களும் புரட்டியிருப்பீர்கள். ஃபத்வா வழங்கும் தகுதி எங்களுக்கு இல்லை, உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனினும் தமக்கு உடைமையாகாத ஒன்றை ஒருவர் எப்படி விட்டுச் செல்வார் என்ற கேள்விக்கு எங்களுக்கு விடை கிடைக்கவில்லை.

மீராஸிலும் இதே நிலைதான். ஒருவர் இருபது ஆண்டுகளில் வாங்கிச் சேர்த்த அச்சு நூல்கள் அவருடைய சொத்து. பங்கு பிரிக்கும்போது கணக்கில் வரும். அதே தொகைக்கு வாங்கிய உரிமங்கள் கணக்கில் வாரா.

இது வெறும் அச்சம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை, விற்றவருக்கு அதற்கான உரிமை இல்லை என்று தெரியவந்ததும், வாங்கியவர்களின் கின்டில்களிலிருந்தே அமேசான் நீக்கியது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள். நிறுவனத்தின் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் ஒரு மாணவர் அந்த நூலை வாசித்து எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப் போயின. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் நூல்கள் அனைத்தும் மறைந்தன. அங்கேயும் பணம் திரும்பி வந்தது. ஓரக் குறிப்பு எழுதியிருந்தவர்களுக்கு 25 டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள். வாப்பாவின் தப்ஸீர் ஓரங்களில் உள்ள பென்சில் எழுத்துகளைப் பார்த்தபடி அந்தச் செய்தியை வாசித்தோம். 2025 பிப்ரவரி இறுதியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பிவழி கின்டிலுக்கு மாற்றும் வசதியையும் அமேசான் நிறுத்திவிட்டது. கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல், விற்கப்படுவது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது.

நியாயமாகச் சொல்வதானால், கோபோவின் கடையிலும் பூட்டிய நூல்கள் உரிமமாகவே கிடைக்கின்றன. கின்டிலிலும் நம்முடைய கோப்பை ஏற்றலாம். 2022 முதல் இபப் கோப்புகளையும் அனுப்பலாம், கருவிக்குப் போகும் வழியில் அமேசான் அவற்றைத் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. வேறுபாடு அளவில்தான். கோபோ, இபப் என்ற பொதுவடிவத்தை அப்படியே ஏற்கிறது. கம்பியில் இணைத்து நகலெடுத்தால் முடிந்தது. கணக்கும் வேண்டாம், இணையமும் வேண்டாம். கருவி நாளை பழுதானாலும் கோப்பு நம் கணினியில் இருக்கும், வேறு நிறுவனத்தின் கருவியிலும் திறக்கும். நம் நாட்டில் பிறந்த கோவித் கோயல் 2006இல் தொடங்கிய 'காலிபர்' என்ற இலவச மென்பொருள் அத்தகைய கோப்புகளை ஒழுங்குபடுத்த உதவுகிறது. எங்கள் கணிப்பில் இந்த வேறுபாடே தராசைச் சாய்த்தது. எட்டு அங்குலத் திரையும், நடுங்கும் விரலுக்கு இதமான பக்கம் திருப்பும் பொத்தான்களும் உள்ள கோபோ கருவி ஒன்றைச் சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்து தந்தார்கள். மகள் தன் புதினங்களைக் கின்டில் செயலி வழியாகக் கைப்பேசியில் வாசித்துக்கொள்கிறாள். அவை ஒருமுறை வாசித்துக் கடந்து செல்பவை, வாடகை போதும் என்பது அவள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது.

கருவிக்குள் எதை வைப்பது? பூட்டில்லாத தமிழ் நூல்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சீறாப்புராணமும் உண்டு. இலங்கைத் தமிழ் நூல்களுக்கு நூலகம் திட்டம் இருக்கிறது. 2013 முதல் இயங்கிவரும் ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளம் இபப் வடிவிலேயே தருகிறது. இவற்றை எவ்வளவு பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

வாட்ஸ்அப்பில் வலம் வரும் பிடிஎஃப் நூல்கள் வேறு வகை. தீனுடைய கல்விதானே, பரவினால் நன்மைதானே என்று நம்மிடையே பலர் வாதிடுவார்கள். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1988இல் குவைத்தில் கூடியபோது, எழுத்தாளரின் உரிமை ஷரீஅத்தில் மதிப்புடையது, அதில் வரம்பு மீறக் கூடாது என்று தீர்மானித்தது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. நம் சமுதாயப் பதிப்பகங்கள் பெரும் இலாபம் ஈட்டுபவை அல்ல. ஆயிரம் பிரதி அச்சிட்டு, அதை விற்று முடிக்க ஆண்டுகள் காத்திருப்பவை. பிறர் உழைப்பை அனுமதியின்றி எடுத்து அதன் மேல் பிஸ்மில்லாஹ் சொல்லி வாசிப்பது எங்களுக்கு ஒப்பவில்லை.

அப்படியானால் வாப்பாவின் அலமாரி நூல்களை ஸ்கேன் செய்வது சரியா என்ற வினாவும் எழுந்தது. பார்வைக் குறைபாடு உடையவர்களுக்காக நூலை வாசிக்கத்தக்க வடிவுக்கு மாற்றிக்கொள்ள 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடமளிக்கிறது. இதே நோக்கத்துக்காக எழுந்த மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். எனவே அவருடைய வாசிப்புக்குச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் நகலை வைத்துக்கொண்டு மூலத்தை மத்ரஸாவுக்குக் கொடுத்தால், ஒரு விலை கொடுத்து இரண்டு பிரதிகளை வைத்திருப்பதாக ஆகாதா? வாப்பாவே எழுப்பிய ஐயம் இது. தப்ஸீரை வெளியிட்ட பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினோம். குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ள இசைவு தந்து, கண் நலத்துக்கு துஆவும் செய்து பதில் எழுதியிருந்தார்கள்.

அலமாரி இப்போது மூன்றாகப் பிரிந்திருக்கிறது. எளிதில் கிடைக்கக்கூடிய ஹதீஸ் மொழிபெயர்ப்புகளும் வரலாற்று நூல்களும் மத்ரஸாவுக்குப் போய்விட்டன. முதல் தாளில் வாப்பா தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அரபுத்தமிழ்க் கித்தாபுகள் வீட்டிலேயே இருக்கும். அந்த எழுத்தை எந்தக் கருவியும் ஒழுங்காகப் படித்து உருமாற்றித் தருவதில்லை. படமாக எடுத்து எட்டு அங்குலத் திரையில் விரித்துப் பார்ப்பதே இப்போதைக்கு வழி. பிள்ளைகளில் ஒருவராவது அதை வாசிக்கக் கற்றுக்கொண்டால் அவரிடம் சேர்க்கலாம் என்பது வாப்பாவின் எண்ணம்.

மீதமிருப்பவை பென்சில் குறிப்புகள் நிறைந்த தப்ஸீர் தொகுதிகள். படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் தமிழ்க் காலை 'ர' என்றும், 'ர'வைக் கால் என்றும் எடுத்துக்கொள்கிறது. அரபு வசனம் வரும் இடங்களில் முற்றிலும் தடுமாறுகிறது. ஆகவே மகள் நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் வீதம் அச்சு நூலோடு ஒப்பிட்டுத் திருத்துகிறாள். வசனங்களை மகன் முஸ்ஹஃபைப் பார்த்துச் சரிபார்க்கிறான். ஓரக் குறிப்புகளை வாப்பா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிறோம். சில இடங்களில் தாம் அன்று என்ன நினைத்து எழுதினோம் என்பதே அவருக்கு விளங்குவதில்லை, அவற்றை அப்படியே விட்டுவிடச் சொல்கிறார். இரண்டு தொகுதிகள் முடிந்து கருவிக்குள் ஏறிவிட்டன. இன்னும் நான்கு பாக்கி. அவற்றைப் பெற்றுக்கொள்ள ரமளான் கழியும் வரை காத்திருக்க மத்ரஸா நிர்வாகத்தினர் இசைந்திருக்கிறார்கள்.